வேலை உண்டு என்கிறார்கள், என்ன வேலை?

(நம் சங்கத்தின் மும்பைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை. இதழுக்காக எழுதித் தரப்பட்டது.)

 

"வேலைவாய்ப்பும் நம் பிள்ளைகளும்" என்று தலைப்புத் தந்து பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார், நாட்டிலே வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடுகிறது என்று முழங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொரு சாரார், வேலை கொட்டிக் கிடக்கிறது, இளைஞர்களுக்குத்தான் உழைக்க மனமில்லை என்று அறிவுரை கூறிவிட்டுப் போய்விடுவார்கள். முதல்வர் பேச்சில் கண்ணீர் இருக்கும், கணக்கு இருக்காது. இரண்டாமவர் பேச்சில் கணக்கு இருக்கும், அந்தக் கணக்கு எப்படி வந்தது என்ற விவரம் இருக்காது. நாம் இன்று கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

அரசு சொல்லும் கணக்கு

மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2017-18 முதல் ஆண்டுதோறும் ஓர் ஆய்வு நடத்துகிறது. காலமுறைத் தொழிலாளர் ஆய்வு என்று பெயர். அதன் முதல் அறிக்கையில் வேலையின்மை நூற்றுக்கு 6.1 என்று வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் காணாத அளவு என்று ஏடுகள் எழுதின. அந்த அறிக்கை உரிய காலத்தில் வெளிவரவில்லை. 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்து, மே மாதக் கடைசியில்தான் அறிக்கை மக்கள் கைக்கு வந்தது.

அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு எண் இறங்கியது. 2023-24 அறிக்கையில் வேலையின்மை நூற்றுக்கு 3.2 தான். பாதியாகக் குறைந்துவிட்டது! அப்படியானால் மகிழ்ச்சி அடைய வேண்டியதுதானே? வேலையில் இருப்பவர் யார் என்று அந்த ஆய்வு எப்படி முடிவு செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு மகிழ்வோம்.

இந்த அளவுகோல் நேற்று பிறந்ததல்ல. 1970இல் தந்த்வாலா குழு கொடுத்த பரிந்துரையிலிருந்து வந்தது. 1972-73 முதல் பெரிய அளவில் பயன்பட்டு வருகிறது. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆண்டுக் கணக்கு. ஓராண்டில் பெரும்பகுதி வேலையில்லாமல் இருந்தாலும், துணைத் தொழிலாக 30 நாள் ஏதேனும் செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். இன்னொன்று வாரக் கணக்கு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். சம்பளம் எவ்வளவு, போதுமா, நாளையும் உண்டா என்பவற்றை இந்தத் தலைக்கணக்கு கேட்பதில்லை.

இதைப் பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. உலக நாடுகள் பலவும் இப்படித்தான் கணக்கெடுக்கின்றன. ஏழை நாட்டில் முழுக்க முழுக்கச் சும்மா இருக்க யாரால் முடியும்? வீட்டில் அடுப்பெரிய வேண்டுமானால் எதையாவது செய்தாக வேண்டும். ஆகவே வேலையின்மை எண் மட்டும் இந்த நாட்டின் துன்பத்தை அளக்காது. அதே ஆய்வின் உள்பக்கங்களைப் புரட்ட வேண்டும். செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போடாத எண்கள் அங்கேதான் இருக்கின்றன.

உள்பக்கங்களில் இருப்பது

முதலாவது: மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் 2017-18இல் உழைப்பாளரில் நூற்றுக்கு 22.8 பேர். 2023-24இல் 21.7 பேர். வேலையின்மை பாதியான அதே ஆறு ஆண்டுகளில் சம்பள வேலையின் பங்கு ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. கூடியது எது? சுயதொழில். 52.2 ஆக இருந்தது 58.4 ஆயிற்று.

சுயதொழில் என்றதும் கடை முதலாளியை நினைத்துக்கொள்ளாதீர்கள். தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவரைத்து, இட்லி அவித்துக் கொடுக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கணவர் அந்த இட்லியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறார். கணவர் சுயதொழில் செய்பவர். அந்தத் தாய்க்கு ஆய்வில் வேறு பெயர்: குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர். அவர் கைக்குச் சம்பளம் என்று ஒரு காசு வராது. ஆனாலும் அவர் வேலையில் இருப்பவர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்.

இரண்டாவது: பெண்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18இல் நூற்றுக்கு 23.3 பேர், 2023-24இல் 41.7 பேர். பெரிய முன்னேற்றம் என்று மேடைகளில் பேசப்படுகிறது. உழைக்கும் பெண்களில் சுயதொழில் கணக்கில் வருவோர் இதே காலத்தில் 51.9இலிருந்து 67.4 ஆனார்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் நான் சொன்ன ஊதியமில்லா உதவியாளர்கள். தாய்மார்களே, நீங்கள் முன்பும் உழைத்தீர்கள், இப்போதும் உழைக்கிறீர்கள். உங்கள் உழைப்பு ஏட்டில் ஏறிவிட்டது. கூலியாகக் கைக்கு வரவில்லை.

மூன்றாவது: விவசாயம். ஒரு நாடு முன்னேறும்போது நிலத்தை விட்டு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் ஆட்கள் வருவார்கள் என்று பொருளாதாரப் பாடம் சொல்லும். இங்கேயும் பல்லாண்டுகள் அப்படித்தான் நடந்தது. 2018-19இல் விவசாயத்தில் இருந்தோர் 42.5. கொரோனா வந்தது, 2020 மார்ச்சில் ஊரடங்கு, நம் கண்ணெதிரே இந்த நகரத்திலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே ஊர் போனார்கள். விவசாயத்தின் பங்கு ஏறிற்று. தொற்று அடங்கியபின் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். 2023-24இலும் 46.1 ஆகவே நிற்கிறது. ஆலையில் இடமில்லாதவரை வயல் ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே நான்கு பேர் செய்த வேலையை ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

நான்காவது: சம்பளக்காரர்கள் எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறார்களா? 2023-24இல் விவசாயம் அல்லாத தொழில்களில் மாதச் சம்பளம் வாங்குவோரில் நூற்றுக்கு 58 பேருக்கு எழுத்து மூலமான வேலை ஒப்பந்தமே இருக்கவில்லை. "நாளை முதல் வரவேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்க நாதி இல்லை.

ஆகவே தோழர்களே, வேலை இருக்கிறதா என்ற கேள்வி நம்மை ஏமாற்றிவிடும். என்ன வேலை, எந்தக் கூலிக்கு, எந்தப் பாதுகாப்போடு என்று கேட்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவை இதற்கு விளக்கம்.

கதவுகள் திறந்ததும் மூடியதும்

இந்த நகரத்துக்கு நம்மவர்கள் எப்படி வந்தார்கள்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் தாராவியின் சதுப்பு நிலத்தை வீடாக்கினார்கள். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் நகராட்சியின் துப்புரவுப் பணிக்கும் வந்தவர்கள் உண்டு. தட்டச்சில் லோயர், ஹையர் தேறி, சுருக்கெழுத்தும் கற்று, தாதர் எக்ஸ்பிரஸ் பிடித்து மாட்டுங்காவுக்கு வந்தவர்கள் உண்டு. யாரும் தம் விருப்பத்தை ஆராய்ந்து தொழிலைத் தேர்ந்தெடுத்து வந்ததில்லை. முன்னே வந்த ஊர்க்காரர் எந்தக் கதவருகே நின்றாரோ, அந்தக் கதவு வழியாகப் பின்னே வந்தவர் நுழைந்தார். சாதியும் அதில் இருந்தது. தோல் தொழிலுக்கு யார் வந்தார்கள், தட்டச்சுக்கு யார் வந்தார்கள் என்று பார்த்தால் ஊரின் தெரு அமைப்பே நகரத்தில் தெரியும்.

அந்தக் கதவுகள் நிலையாக இருந்தனவா? தட்டச்சு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலேயே செய்த முதல் இயந்திரத்தைக் கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இதே பம்பாயில் வெளியிட்டது. 2009 வாக்கில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. விரலில் இருந்த பழக்கம் கணினிக்குப் போயிற்று. ஆனால் அதிகாரிகள் தங்கள் கடிதத்தைத் தாங்களே அடித்துக்கொள்ளத் தொடங்கியதும் தட்டச்சர் என்ற பதவி காணாமற் போயிற்று. ஒரு தலைமுறையைக் குடியேற்றிய உத்தியோகம் அந்தத் தலைமுறையோடு முடிந்தது.

நம் வேலை பறிபோனதைவிடப் பெரிய அழிவு ஒன்று பக்கத்திலேயே நடந்தது. 1982 ஜனவரி 18ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. கிர்ண்காவ் என்று பெயர் பெற்ற அந்த ஆலைப் பகுதிக்கு இன்று போய்ப் பாருங்கள். லோயர் பரேலில் பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் வணிக வளாகம் நிற்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? 1966இல் சிவசேனை தோன்றியபோது, மராத்தி இளைஞனின் வேலையைத் தென்னிந்தியன் பறிக்கிறான் என்பதே அதன் முதல் முழக்கம். "மார்மிக்" வார ஏட்டில் அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டார்கள். "லுங்கியை விரட்டு" என்றார்கள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அன்று மராத்தி இளைஞனுக்குக் குறை இருந்தது உண்மை. தன் மாநிலத் தலைநகரில் எழுத்தர் வேலைகூடத் தனக்கு எட்டவில்லை என்று அவன் வருந்தியதில் நியாயம் இருந்தது. ஆனால் பதினாறு ஆண்டு கழித்து அவனுடைய தகப்பனும் அண்ணனும் ஆலையில் இழந்த லட்சம் வேலைகளை எந்தத் தமிழன் எடுத்துக்கொண்டான்? எந்த மலையாளி எடுத்துக்கொண்டான்? புதிய இயந்திரம் வாங்கப் பணம் போடாமல் ஆலையை நலிய விட்டவர்களும், ஆலையைவிட ஆலை இருந்த நிலத்துக்கு விலை அதிகம் என்று கண்டவர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. பெயர்ப் பட்டியல் தவறான பக்கம் விரலை நீட்டியது.

தாதரில் நடந்த ஓர் ஆராய்ச்சி

இனி, பிள்ளைகளின் தொழில் தேர்வுக்கு வருகிறேன். இந்த நகரத்தை வைத்தே ஓர் அருமையான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தாதர் பகுதிப் பள்ளிகளில் 1982 முதல் 2001 வரை சேர்ந்த பிள்ளைகளின் விவரங்களை எடுத்தார்கள். ஏறத்தாழ 4,900 குடும்பங்களை விசாரித்தார்கள். 2006இல் முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் ஆராய்ந்தது மராத்தியச் சமூகங்களை. மராத்தி வழிக் கல்வியா, ஆங்கில வழிக் கல்வியா என்பதே கேள்வி. 1991க்குப் பிறகு ஆங்கிலம் படித்தவருக்குக் கிடைக்கும் சம்பளம் வெகுவாக உயர்ந்தது. ஆகவே எல்லோரும் ஆங்கில வழிக்கு மாறியிருக்க வேண்டும் அல்லவா? மேல்சாதிக் குடும்பங்கள் மாறின. மற்றச் சாதிகளில் பையன்கள் அந்த அளவுக்கு மாறவில்லை. ஆனால் அதே வீடுகளின் பெண்பிள்ளைகள் மாறினார்கள். மேல்சாதிப் பெண்களோடு இருந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தார்கள்.

ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே தாய் தகப்பன். பையன் ஒரு பள்ளி, பெண் ஒரு பள்ளி. காரணம் என்ன? ஆலையிலும் பட்டறையிலும் ஒருவர் சொல்லி ஒருவரைச் சேர்க்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்தது. சித்தப்பா சொன்னால் இடம் கிடைக்கும், மாமா சொன்னால் இடம் கிடைக்கும். அந்தக் கை பையனைத் தூக்கிவிடக் காத்திருந்தது. ஆகவே அவன் தகப்பன் போன வழியே போனான். பெண்ணுக்கு அப்படித் தூக்கிவிட எந்தக் கையும் இருந்ததில்லை. அவளுக்குப் பழைய கதவு கிடையாது. ஆகவே புதிய கதவைத் தட்டினாள்.

இது மராத்தியருக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணாதீர்கள். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். நமக்கும் ஊர்க்காரர் தயவு சோறு போட்டது. அந்த நன்றியை மறக்கச் சொல்லவில்லை. தகப்பனைக் காப்பாற்றிய அதே உறவு மகனைக் கட்டிப்போடுகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1970களில் இன்னொரு உண்மையைக் கண்டார். வேலை கிடைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆள் மூலமாகவே தகவல் வந்தது. அந்த ஆள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் அல்லர். எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர். ஏன்? நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத கதவு தெரியும். சங்கம் என்ற அமைப்பின் பயன் இதில்தான் இருக்கிறது. ஒரே தெருக்காரர் ஒன்றுகூடிப் பேசிக் கலைந்தால் அது ஊர்த் திண்ணை. பல தொழில், பல பகுதி, பல சாதியினர் கலந்தால்தான் பிள்ளைக்குப் புதிய தகவல் வரும்.

பெயரைப் பார்த்து மூடும் கதவு

திறமை இருந்தால் தனியார் துறையில் சாதி மதம் பார்ப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செய்தித்தாள்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு ஒன்று, தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இது 2007இல் அச்சேறிய ஆய்வு. நேரில் முகம் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. தாளின் தலைப்பில் இருந்த பெயர் ஒன்றே கதவை மூடியது.

பிள்ளையிடம் "நன்றாகப் படி, எல்லாம் நடக்கும்" என்று சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் படித்தும் கிடைக்காதபோது அந்தப் பிள்ளை தன்னையே நொந்துகொள்கிறான். குற்றம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை. அரசுத் துறையில் இட ஒதுக்கீட்டுக்குப் போராடியவர்கள், தனியார் துறையின் வாசலில் நடப்பதைக் காணாதவர்போல் இருக்க முடியாது.

காத்திருக்கும் படித்தவர்கள்

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று சொல்கிறது: 2022இல் பட்டம் பெற்ற இளைஞரில் வேலையற்றோர் நூற்றுக்கு 29.1. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரில் 3.4. படிப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. படிக்காதவனால் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான். படித்தவன், படிப்புக்கேற்ற வேலை வரும் என்று தகப்பன் சம்பாத்தியத்தில் காத்திருக்கிறான்.

எதற்காகக் காத்திருக்கிறான்? பெரும்பாலும் அரசு வேலைக்காக. 2014 முதல் 2022 வரையிலான எட்டு ஆண்டுகளில் மத்திய அரசுப் பணிகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22 கோடியே 5 லட்சம். பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7 லட்சத்து 22 ஆயிரம். 2022 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே தந்த விடை இது. முந்நூறு விண்ணப்பத்துக்கு ஒன்று. 2018இல் உத்தரப் பிரதேசக் காவல் துறையில் 62 செய்தி கொண்டுசெல்லும் ஆட்கள் வேண்டும் என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தால் போதும். 93,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 3,700 பேர் என்று செய்தி வந்தது.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அரசு வேலையில் என்ன இருக்கிறது? எழுத்து ஆணை, மாதந்தவறாச் சம்பளம், விடுப்பு, மருத்துவம், ஓய்வுக்குப் பின் ஏதோ ஒரு பாதுகாப்பு. வெளியே இவை எதுவும் இல்லாதபோது, முந்நூறில் ஒரு வாய்ப்பானாலும் அதற்காக ஐந்தாண்டு காத்திருப்பதில் கணக்கு இருக்கிறது. காத்திருக்கும் இளைஞனைத் திட்டுவதை விட்டுவிட்டு, வெளியே இருக்கும் வேலையைக் காத்திருக்க அவசியமில்லாத வேலையாக மாற்றச் சொல்ல வேண்டும்.

நாடு எந்தத் திசையில் போகிறது? செயலி வழியே சோறு கொண்டுபோகும், வண்டி ஓட்டும் தொழிலாளர் 2020-21இல் 77 லட்சம் என்றும், 2029-30இல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டது. நிறுவனங்கள் இவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை, பங்காளி என்கின்றன. லாபத்தில் பங்கில்லாத பங்காளி! 2023இல் ராஜஸ்தான் இவர்களுக்கென முதல் சட்டம் செய்தது. 2025இல் கர்நாடகம் செய்தது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நிதியாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. அது உள்ளிட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றில் வேலைநிறுத்த உரிமையை நெருக்கும் பகுதிகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, எதிர்ப்பது சரியே. அதே நேரத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எழுத்து மூலம் பணி ஆணை தர வேண்டும் என்ற பகுதியைக் கேட்டு வாங்குவதும் நம் கடமை.

கணினித் துறை காப்பாற்றிவிடும் என்று நம்புகிற பெற்றோருக்கும் ஒரு சொல். நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமே 2025 ஜூலையில் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்தத் துறைக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டச்சு நமக்கு என்ன கற்றுத் தந்ததோ அதை மறக்கவேண்டாம் என்கிறேன்.

மண்ணின் மைந்தர்

நல்ல வேலை குறையும்போதெல்லாம் வெளியூர்க்காரன் மீது கோபம் திரும்பும். ஹரியானா அரசு தனியார் துறையில் மாதம் 30,000 ரூபாய் வரையுள்ள வேலைகளில் நூற்றுக்கு 75 உள்ளூர்க்காரருக்கே என்று சட்டம் செய்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை அப்படி ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. மும்பையில் நாம் நம்பி வாழ்வது அந்த உரிமையைத்தான்.

அப்படியானால் தமிழ்நாட்டிலே என்ன நடக்கிறது? திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவிப் பெரும் பீதி உண்டாயிற்று. அது பொய் என்று தெரிந்துவிட்டது, நல்லது. ஆனால் "வடக்கன் வந்து வேலையைக் கெடுத்துவிட்டான்" என்று நம் சொந்தபந்தமே பேசுவதை ஊருக்குப் போகும்போது நாம் கேட்கிறோம். 1966இல் நம்மைப் பற்றிப் பேசிய அதே பேச்சு அது. மும்பைத் தமிழன் அதைக் கேட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கூலியைக் குறைத்தவன் வந்தவனா, குறைந்த கூலிக்கு அவனை அழைத்துக்கொண்ட முதலாளியா என்று திருப்பிக் கேளுங்கள். இருவருக்கும் ஒரே கூலி, ஒரே ஆணை, ஒரே சங்கம் என்றால் கெடுபவர் எவரும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

பேசிவிட்டுக் கலைவதால் பயனில்லை. சங்கத்தின் முன் நான்கு வேலைகளை வைக்கிறேன்.

முதலில், நம் குடும்பங்களின் கணக்கை நாமே எடுப்போம். வீட்டுக்கு ஐந்து கேள்வி போதும். என்ன வேலை? எழுத்து ஆணை உண்டா? சேமநிதி பிடிக்கிறார்களா? பெண்கள் செய்யும் வேலைக்குத் தனிக் கூலி உண்டா? தகப்பன் வேலையும் பிள்ளை வேலையும் ஒன்றா, வேறா? பின்வரிசைத் தம்பி தங்கைகள் நினைத்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

இரண்டாவது, மாதம் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்து, தம் தொழிலில் இருப்பவர்களைப் பேசச் செய்வோம். மருத்துவர், பொறியாளர் மட்டும் போதாது. செவிலியர், மின் பணியாளர், கணக்கர், பேருந்து ஓட்டுநர், செயலியில் வண்டி ஓட்டும் தம்பி, எல்லோரும் வரட்டும். சம்பளத்தை மறைக்காமல் சொல்லட்டும். ஒரு படிப்பில் பணம் கட்டுமுன் பெற்றோர் மூன்று கேள்வி கேட்கட்டும்: இதில் எழுத்து ஆணையோடு வேலை தருகிறார்களா? இங்கே கற்றது இன்னொரு முதலாளியிடமும் செல்லுமா? பத்தாண்டு கழித்துக் கூலி ஏறப் படிக்கட்டு உண்டா?

மூன்றாவது, அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவை நம் தாய்மார்களுக்கும் தெரு வியாபாரிகளுக்கும் சங்கமே செய்து கொடுக்கட்டும். பதிவால் உடனே எல்லாம் கிடைத்துவிடாது. ஆனால் 2020இல் நடந்தே ஊர் போனவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல அரசிடம் ஒரு பட்டியல் இல்லை. பட்டியலில் இல்லாதவன் உரிமை கேட்கும்போது, நீ யார் என்று கேட்பார்கள்.

நான்காவது, பிறந்த மாநிலத்தைக் காட்டி எந்தத் தொழிலாளியையும் விரட்டுவதை எதிர்த்து இன்று ஒரு தீர்மானம் போடுவோம். மும்பையில் தமிழனுக்கும், திருப்பூரில் பீகார்க்காரனுக்கும் பொருந்தும்படியாக அது இருக்க வேண்டும். இல்லையேல் அதற்கு மதிப்பில்லை.

பெற்றோர்களே, பிள்ளை எந்த வேலைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவு செய்யலாம். அந்த வேலை என்ன வேலையாக இருக்க வேண்டும் என்பதை வீட்டில் முடிவு செய்ய முடியாது. அது சங்கத்திலும் தெருவிலும் சட்டமன்றத்திலும் முடிவாகும் காரியம். முதலாவதைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் இரவெல்லாம் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றியும் பேசத் தொடங்குவோம்.